முன்பாரம் எவ்வளவு?

அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் புல்ஹெட் சிட்டி என்றொரு ஊர் இருக்கிறது. கோடையில் அங்கே 45 டிகிரி செல்சியஸ் வெயில் சாதாரணம். ஊரை ஒட்டிக் கிழக்கே மலையேறும் மாநில நெடுஞ்சாலை 68-ஐ அமெரிக்க வாகனப் பொறியாளர்கள் ‘டேவிஸ் அணை ஏற்றம்’ என்பார்கள். சுமார் 18 கிலோமீட்டரில் சாலை ஏறத்தாழ 900 மீட்டர் உயர்ந்துவிடும். பிக்கப் டிரக் தயாரிக்கும் நிறுவனங்கள் புதிய வண்டிகளின் பின்னால் பாரம் ஏற்றிய டிரெய்லரைப் பூட்டி இந்த ஏற்றத்தில் சோதிக்கின்றன. வெளியே குறைந்தது 38 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும். வண்டிக்குள் ஏசி முழு வீச்சில் ஓட வேண்டும். அடிவாரத்திலிருந்து உச்சிவரை வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் கொதிக்கக் கூடாது, எந்தப் பாகமும் பழுதாகக் கூடாது.

எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு 2008-இல் வெளியிட்ட ஜே2807 என்னும் தர விதி சொல்லும் சோதனைகளில் இது ஒன்று. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் அளந்து, ‘எங்கள் டிரக் இத்தனை டன் இழுக்கும்’ என்று விளம்பரம் செய்தது. புதிய விதியை முதலில் ஏற்ற டொயோட்டா, 2011-ஆம் ஆண்டு மாடல் டன்ட்ராவின் இழுதிறனைக் குறைத்து அறிவிக்க நேர்ந்தது. மற்றவர்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்து சேர்ந்தார்கள். இன்று விற்பனைக் கையேட்டில் 5,000 கிலோ என்று போட்டிருந்தால், அந்த எண்ணுக்குப் பின்னால் உண்மையான வியர்வை இருக்கிறது.

ஆனால் அந்த எண் ‘இழுக்குமா?’ என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. அதுவும் வண்டிக்குள் ஆளுக்கு 68 கிலோ எடையுள்ள இரண்டு பேர் மட்டும் இருப்பதாக வைத்துக்கொண்டு. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற குடும்பம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: டிரக்கால் சுமக்க முடியுமா? இழுப்பது எஞ்சினின் வேலை. சுமப்பது ஸ்பிரிங், அச்சு, டயர், சட்டகம் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. நவீன எஞ்சின்களின் வலு வெகுவாகப் பெருகிவிட்டது. ஸ்பிரிங்கை அப்படிக் கடினமாக்கினால் அலுவலகத்துக்குப் போகும் நாளில் வண்டி தூக்கிப் போடும் என்பதால் சுமைத்திறன் அந்த அளவுக்குப் பெருகவில்லை. குடும்பங்கள் தடுக்கி விழுவது இந்த இடைவெளியில்தான்.

சுமைத்திறனைக் கையேட்டில் தேட வேண்டியதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் டயர் காற்றழுத்தத்தோடு ஒரு மஞ்சள் ஒட்டி இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டவே கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அது அந்த ஒரு வண்டிக்கான எண். ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு டிரக்குகளில் எண் மாறும். கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர இயக்கம், தோல் இருக்கை என்று ஆடம்பரம் கூடக் கூட, அவற்றின் எடை சுமைத்திறனிலிருந்து கழியும். விலை உயர்ந்த டிரக் குறைவாகச் சுமப்பது இதனால்தான்.

டென்வரில் வாழும் ஒரு நால்வர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ‘அரை டன்’ வகை என்று அழைக்கப்படும் ஃபோர்டு எஃப்-150, ஷெவர்லே சில்வராடோ 1500, ராம் 1500 போன்ற ஒரு டிரக். ஒட்டியில் 750 கிலோ என்று இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து 215 கிலோ. பின்தொட்டியில் சைக்கிள், விறகு, ஐஸ்பெட்டி, சிறிய ஜெனரேட்டர் எல்லாம் 120 கிலோ. டிரெய்லரைப் பூட்டும் ஹிட்ச் சாதனம் மட்டுமே 45 கிலோ. ஆக 380 போய்விட்டது. மிச்சம் 370 கிலோ.

அந்த 370 கிலோவுக்குள் அடங்க வேண்டியது டிரெய்லரின் முன்பாரம். டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் நிற்பதில்லை. ஒரு பங்கு ஹிட்ச் பந்தின்மேல் அழுந்தி டிரக்கின்மேல் உட்காருகிறது. வட அமெரிக்காவில், உள்ளே தங்கும் வசதியுள்ள டிராவல் டிரெய்லருக்கு இந்தப் பங்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 370 கிலோ முன்பாரம் தரும் டிரெய்லரின் எடை சுமார் 2,850 கிலோ. கையேடு சொன்னதோ 5,000. அந்த 5,000 கிலோ டிரெய்லரைப் பூட்டினால் முன்பாரமே 650 கிலோ. குடும்பத்தையும் சாமானையும் சேர்த்தால் 1,030. ஒட்டி அனுமதிப்பதைவிட 280 கிலோ அதிகம். எஞ்சின் முனகாமல் இழுத்துவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஓட்டுகிறவருக்கு எதுவும் தவறாகத் தெரியாது.

இன்னொரு கணக்கும் இதில் ஒளிந்திருக்கிறது. ஹிட்ச் பந்து டிரக்கின் பின்னச்சுக்கு நேர்மேலே இல்லை, அதற்குப் பின்னால் சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 3.7 மீட்டர். பின்னச்சைத் தாங்குபுள்ளியாக வைத்து நெம்புகோல் கணக்குப் போட்டால், பந்தின்மேல் 370 கிலோ அழுந்தும்போது முன்னச்சிலிருந்து 150 கிலோ குறைந்துவிடும். பின்னச்சில் 520 கிலோ கூடிவிடும். திசை திருப்புவது முன்சக்கரம். பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரத்தில்தான். இரண்டும் பாரம் இழந்து இலேசாகின்றன. டிரக்கின் முன்பகுதி எழும்புவதால் இரவில் விளக்கொளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

இதற்கு மருந்துதான் பாரத்தைப் பகிரும் ஹிட்ச். பந்துக்கு இருபுறமும் இரண்டு எஃகுத் தண்டுகள் டிரெய்லரின் சட்டகத்தை நோக்கி நீளும். அவற்றைச் சற்றே வளைத்துச் சங்கிலியாலோ கொக்கியாலோ பூட்டும்போது, டிரக்கின் பின்பகுதியைத் தூக்கி நிறுத்தும் முறுக்குவிசை உண்டாகிறது. பின்னச்சில் ஏறிய பாரத்தில் ஒரு பகுதி முன்னச்சுக்குத் திரும்பும், இன்னொரு பகுதி டிரெய்லரின் அச்சுகளுக்குப் போகும். நல்ல சாதனம்தான். ஆனால் இதை மாட்டிவிட்டால் சுமைத்திறன் கூடிவிடும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒட்டியில் உள்ள எண்ணை எந்த ஹிட்சும் மாற்றாது.

அப்படியானால் முன்பாரத்தையே குறைத்துவிட்டால் என்ன? சாமானையெல்லாம் டிரெய்லரின் பின்கோடியில் அடுக்கினால் பந்தின்மேல் பாரம் குறையுமே. குறையும். மாட்டுவண்டியில் நெல்மூட்டை ஏற்றிய அனுபவமுள்ளவர்களிடம் இதைச் சொன்னால் பதறுவார்கள். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும்; பின்பாரம் ஆகிவிட்டாலோ ஏர்க்கால் மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும். அதனால் சற்றே முன்பாரமாக ஏற்றுவதே அவர்கள் வழக்கம். மாட்டுவண்டி நடக்கிற வேகத்தில் போகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் பின்பாரம் செய்யும் வேலை வேறு மாதிரியானது.

நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி நம்மை முந்துகிறது. அதன் முகம் தள்ளிக்கொண்டு வரும் காற்று டிரெய்லரின் பின்பகுதியை முதலில் வெளிப்பக்கம் தள்ளுகிறது. ஹிட்ச் பந்தை மையமாகக் கொண்டு டிரெய்லர் ஒரு டிகிரி திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதன் டயர்கள் போகும் திசைக்குக் கோணலாக உருளுகின்றன. அந்தக் கோணல் டயரின் ரப்பரை முறுக்க, முறுக்கிய ரப்பர் டிரெய்லரை நேருக்குத் தள்ளுகிறது. நேருக்கு வந்த டிரெய்லர் அங்கே நிற்பதில்லை, வந்த வேகத்தில் மறுபக்கம் போகிறது. இது ஓர் ஊசல். புவியீர்ப்பு செய்யும் வேலையை இங்கே டயர் செய்கிறது. மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடச் சிறுத்து, இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்கிவிடும். வேகம் கூடக் கூட, டயர் ஆட்டத்தைத் தணிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தணிப்பு பூஜ்யமாகிவிடும். அதற்கு மேலே போனால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். அதற்கு வேண்டிய ஆற்றலை டிரக்கின் முன்னோக்கிய ஓட்டத்திலிருந்தே டிரெய்லர் எடுத்துக்கொள்கிறது. சில நொடிகளில் டிரெய்லர் டிரக்கையும் இழுத்துக்கொண்டு கவிழலாம்.

அந்த ஆபத்து வேகம் எங்கே தொடங்கும் என்பதை இரண்டு விஷயங்கள் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஒன்று, எடையின் மையம் அச்சுக்கு முன்னால் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. முன்பாரம் என்பது இதன் அளவுகோல்தான். மற்றொன்று, எடை எப்படிப் பரவியிருக்கிறது என்பது. ஒரு பொருள் டிரெய்லரின் சுழற்சியைத் தடுக்க முடியாதபடி ஆக்கும் அளவு, அச்சிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 40 கிலோ சைக்கிள்களை அச்சிலிருந்து அரை மீட்டரில் வைத்தால் சுழல் நிலைமத்தில் சேர்வது 10 அலகு. அதே சைக்கிள்களைப் பின்பம்பரில், அச்சிலிருந்து நாலரை மீட்டரில் தொங்கவிட்டால் 810 அலகு. எடை மாறவில்லை, விளைவு 81 மடங்கு. கூடவே, அச்சுக்கும் பந்துக்கும் 5 மீட்டர் என்றால் முன்பாரத்திலிருந்து 36 கிலோவும் கழிந்துவிடும். பின்பம்பரில் சைக்கிள் மாட்டிய டிரெய்லர்களை அமெரிக்க நெடுஞ்சாலைகளில் நிறையப் பார்க்கலாம். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

தண்ணீர்த் தொட்டியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 150 லிட்டர் தொட்டி நிறைந்தால் 150 கிலோ. அது அச்சுக்கு முன்னால் இருந்தால் முன்பாரம் கூடும், பின்னால் இருந்தால் குறையும். டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் குனிந்து அடியில் பார்த்து, தொட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது சமையல் மேடையின் நிறத்தைப் பார்ப்பதைவிட முக்கியம்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? கை சொல்வதைக் கேட்கக் கூடாது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கத் தோன்றும். ஒடித்தால் ஆட்டத்துக்குத் தாளம் போட்டுக் கொடுத்தது போலாகும். டிரக்கின் பிரேக்கை அழுத்தினால் பின்னாலிருக்கும் பாரம் முன்னே முட்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் நெம்பை அழுத்த வேண்டும். டிரெய்லர் பின்னோக்கி இழுபட்டு நேராகும். அந்த நெம்பு டாஷ்போர்டில் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரிந்திருக்க வேண்டும். குடும்பத்தில் ஓட்டும் எல்லோருக்கும்.

ஐரோப்பாவில் சின்னக் கார்களே கேரவன்களை இழுத்துப் போகின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பிரிட்டனில் முன்பாரம் 5 முதல் 7 சதவீதம் போதும் என்கிறார்கள். ஜெர்மனியில் டிரெய்லர் பூட்டிய கார்களுக்குப் பொது வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். தனி அனுமதி பெற்றவற்றுக்கு 100. அங்கே கேரவன்கள் இலேசானவை, கனமான பொருள்கள் அச்சையொட்டியே அமையும்படி கட்டப்படுகின்றன. ஆபத்து வேகத்தை உயர்த்துவதற்குப் பதிலாக ஓடும் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் டெக்சாஸின் சமவெளியில் எல்லோரும் 120-இல் பறக்கும்போது அந்தச் சலுகை செல்லுபடியாகாது. கலிபோர்னியாவோ டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர் என்று மாநிலம் முழுதும் வரம்பு வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் எல்லா மாநிலங்களும் அதைப் பின்பற்ற வேண்டும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 90-இலிருந்து 105-க்குப் போனால் தடை 36 சதவீதம் கூடும், அதை வெல்ல வேண்டிய திறன் 59 சதவீதம் கூடும். டிரெய்லரின் முகம் ஒரு சிறு வீட்டுச் சுவர். மின்சாரப் பிக்கப்பில் ஒரு முறை சார்ஜ் செய்து போகும் தூரம் டிரெய்லர் பூட்டியதும் பாதியாவது பெரும்பாலும் இந்தச் சுவரால்தான், எடையால் அல்ல.

எடை தன் கணக்கை மலையில் தீர்த்துக்கொள்ளும். நம் டென்வர் குடும்பம் ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே போனால், 1,600 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து 3,400 மீட்டரில் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு ஏற வேண்டும். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு வலுவிழக்கும். டர்போ உள்ளது காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் பெரிதும் தப்பிக்கும். ஏற்றத்தில் வேகம் குறைந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வலதுபுறத் தடத்தில் லாரிகளோடு ஊர்ந்து போகலாம்.

இறக்கம் அப்படியல்ல. சுரங்கத்தைத் தாண்டியதும் மேற்கே சில்வர்தார்ன் ஊரை நோக்கி, நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் வரை சரியும் பாதை. சுமார் 650 மீட்டர் இறங்க வேண்டும். டிரக், குடும்பம், டிரெய்லர் எல்லாம் 5,500 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் 35 மெகாஜூல். 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரின் உருளலும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். மீதியை பிரேக்கிடம் ஒப்படைத்தால் அது பழுத்துப் பிடிமானத்தை இழக்கும். மேலேயே கியரைக் குறைத்து எஞ்சினை வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலைக்கு விட வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டு விட்டு, அழுத்தமாகவும் சுருக்கமாகவும் பிடிக்க வேண்டும். பிரேக் இழந்த லாரிகள் ஏறி நிற்பதற்கென்று சரளை நிரப்பிய தப்பிப்புச் சரிவுகள் அந்தச் சாலையில் இருக்கின்றன. அலங்காரத்துக்காக அவற்றை யாரும் கட்டவில்லை. டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்று பல மாநிலங்கள் சுமார் 1,360 கிலோவிலிருந்து கட்டாயமாக்கியிருக்கின்றன. கலிபோர்னியாவில் 680 கிலோவிலேயே கட்டாயம்.

உள்ளமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அடுக்குப் படுக்கை உள்ள டிரெய்லர் நல்லது. தினம் இரவில் சாப்பாட்டு மேசையைக் கட்டிலாக மாற்றுவது இரண்டாம் நாளே சலித்துவிடும். நீளத்தில் பேராசை வேண்டாம். யோசெமிட்டி பள்ளத்தாக்கு முகாம்களில் டிரெய்லருக்கு 35 அடிதான் வரம்பு; பழைய முகாம்கள் பலவற்றில் அதற்கும் குறைவு. கிளேசியர் தேசியப் பூங்காவின் புகழ்பெற்ற மலைச்சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேற்பட்ட எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை. டிரெய்லரை முகாமில் கழற்றிவிட்டு டிரக்கில் மட்டும்தான் போக முடியும்.

விளம்பரத்தில் போடும் ‘வெற்று எடை’யை நம்பி டிரெய்லரைத் தேர்வு செய்யாதீர்கள். அதில் தண்ணீர் இல்லை, பாத்திரம் இல்லை, படுக்கை விரிப்பு இல்லை. சில சமயம் பேட்டரியும் எரிவாயுவும்கூட இல்லை. ஒரு குடும்பம் ஏறினால் 400, 450 கிலோ எளிதாகக் கூடும். டிரெய்லரின் உடலில் ஒட்டியிருக்கும் மொத்த எடை வரம்பை வைத்தே கணக்குப் போடுங்கள். நம் நால்வர் குடும்பத்துக்கு அது 2,850 கிலோ. அந்த வரம்புக்குள் 7 மீட்டர் நீளத்தில் அடுக்குப் படுக்கையோடு நல்ல டிரெய்லர்கள் கிடைக்கின்றன. பிள்ளைகள் மூன்று பேர், கூடவே தாத்தா பாட்டி, 9 மீட்டர் டிரெய்லர் என்று ஆசை விரிந்தால் அரை டன் டிரக் போதாது. எஃப்-250, ராம் 2500 போன்ற முக்கால் டன் வகைக்குப் போக வேண்டும். அங்கேயும் டீசலின் பெரிய இழுதிறனைக் கண்டு மயங்க வேண்டாம். டீசல் எஞ்சின் தானே கனமானது என்பதால், அதே டிரக்கின் பெட்ரோல் வகையைவிட அதன் சுமைத்திறன் குறைவாக இருப்பதே வழக்கம்.

டிரக் ஏற்கெனவே வீட்டில் நின்றால், அதன் ஒட்டியிலிருந்து தொடங்கி டிரெய்லருக்குப் போங்கள். இரண்டுமே இல்லையென்றால் முதலில் டிரெய்லரைத் தேர்ந்தெடுத்து, அதன் எடை வரம்பில் 15 சதவீதத்தோடு குடும்பத்தையும் சாமானையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைச் சுமக்கும் டிரக்கைத் தேடுங்கள். வாங்கிய பிறகு முதல் பயணத்துக்கு முன்னால், பிள்ளைகள், தண்ணீர், விறகு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்தில் உள்ள எடைமேடைக்குப் போங்கள். முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் அச்சு மூன்றின் எடையையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். ஒரு முறை டிரெய்லரோடு, ஒரு முறை கழற்றிவிட்டு நிறுத்துங்கள். பாரம் பகிரும் தண்டுகளைத் தளர்த்திவிட்டு எடுத்தால் முன்பாரம் துல்லியமாகத் தெரியும். ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். எண்கள் வரம்பைத் தாண்டியிருந்தால், அங்கேயே எதையாவது இறக்கிவிட்டுப் புறப்படுங்கள்.